ஒரே ஒரு அறை

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து அதே யோசனையாக இருக்கிறேன். பேய்ப்படத்துக்கு ஒரே ஒரு அறைக்குத்தான் செட் போடக் காசு தருவார்களாம், அதை வைத்து யாரைப் பயமுறுத்துவது என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்க இயக்குநர் ரோஜர் கார்மன் 1962இல் எடுத்த 'தி பிரமெச்சூர் பரியல்' படத்தைத் தேடிப் பார். எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1844இல் எழுதிய கதையிலிருந்து எடுத்தது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே வாழும் ஒரு மனிதனின் கதை. கார்மன் கையில் எப்போதுமே காசு குறைவு. போவின் கதைகளில் அவர் முதலில் எடுத்த படத்தைப் பதினைந்தே நாளில் முடித்தவர். 'பிரமெச்சூர் பரியல்' படத்தில் வரும் இங்கிலாந்துக் கல்லறைத் தோட்டம், மொட்டை மரங்கள், பாதை எல்லாம் ஸ்டுடியோவுக்குள் போட்டவைதான். தரையெங்கும் புகை ஓடிக்கொண்டே இருக்கும். செட் முடியும் இடம் கண்ணில் படாது. கலை இயக்கம் டேனியல் ஹாலர். இந்தப் பெயரை நீ மறக்கக் கூடாது.

ஆனால் நான் சொல்ல வந்தது புகையைப் பற்றி அல்ல, அந்தக் கல்லறை அறையைப் பற்றி. நாயகன் பெயர் கை கேரல். அவன் தனக்கென்று அதைக் கட்டுகிறான். தவறிப்போய் உயிரோடு உள்ளே வைத்துவிட்டால் தப்பிக்க வேண்டுமே! மனைவியையும் நண்பனையும் அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். உள்ளிருந்தே திறக்கும் சவப்பெட்டி, மேலே ஏற கயிற்றேணி, சுவரை உடைக்க வெடி. எதுவுமே பலிக்காவிட்டால் கடைசியாக ஒரு கோப்பை விஷம். ஒரு கடைக்காரர் சரக்கைக் காட்டுவதுபோல நிதானமாகக் காட்டுகிறான். அந்த நிதானம்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் அவனுக்கு ஒரு கனவு வருகிறது. அதே அறை, அதே பொருள்கள். ஒவ்வொன்றும் கைவிடுகிறது. விஷமாவது இருக்கிறதே என்று கோப்பையை எடுத்தால் அதில் புழுக்கள் நெளிகின்றன. புதிதாக ஒரு சுவர்கூட எழுப்பவில்லை, திரையின் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எந்தப் பொருள் எதற்கு என்று நமக்கு முன்பே மனப்பாடம் ஆகிவிட்டதால், அவன் கை நீளும்போதே நம் மனசு பதறுகிறது. அறை ஒன்றுதான், ஆனால் இரண்டு முறை நம்மை உள்ளே கூட்டிப்போகிறார்கள். காசு இருந்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள், படமும் கெட்டிருக்கும்.

இந்தப் பயம் போவின் கற்பனை மட்டும் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் சாகக் கிடந்தபோது, மூன்று நாள் ஆவதற்குள் தன் உடலைக் கல்லறையில் வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். புதைத்த பெட்டிக்குள் அசைவு தெரிந்தால் மேலே மணியடிக்கும் கருவியைக்கூட 1890களில் ஒருவர் செய்துகாட்டினார். அதனால்தான் அந்த அறை நம்பும்படியாக இருக்கிறது.

நடிப்பு ரே மிலண்ட். கார்மனின் மற்ற போ படங்களில் வழக்கமாக வரும் வின்சென்ட் பிரைஸ் இதில் இல்லையே என்று பலருக்குக் குறை. எனக்கு இல்லை. பிரைஸ் வாயைத் திறந்தாலே கல்லறை வாசனை வந்துவிடும். மிலண்ட் பக்கத்து வீட்டுப் பெரிய மனிதர்போல இருக்கிறார். அப்படிப்பட்டவர் சவப்பெட்டியைத் தடவிக்கொடுக்கும்போது தான் மனசு கலங்குகிறது.

கடைசிக் கால்மணி நேரம் அவசர அவசரமாக ஓடும், யார் குற்றவாளி என்று சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிடு. தொடக்கத்தில் வெட்டியான் சீட்டியடிக்கும் பாட்டை மட்டும் காதில் வைத்துக்கொள், பின்னால் அது திரும்ப வரும்.

பார்த்த பிறகு உன் அறையின் வரைபடத்தை எனக்கு அனுப்பு. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அலமாரியில் என்ன இருக்கிறது, அதில் எதைப் படத்தின் முதல் பாதியிலேயே ஆட்கள் கையில் எடுக்கிறார்கள் என்று குறித்து அனுப்பு. அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா