இனிப்புக் கடை அண்ணாச்சிமார்களுக்கு: வெல்லமும் சீனிதான்

மதிப்புக்குரிய இனிப்புக் கடை அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். இந்தத் தீபாவளிக்கு உங்களுக்கெல்லாம் நல்ல வியாபாரம் நடந்திருக்கும். நடக்கட்டும். அதில் ஒரு கால் கிலோ அத்திப்பழ பர்பி என்னுடைய கணக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை நிறத்தில் ஒரு பலகை, அதில் ஒரு இலைப் படம், பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'சுகர் ஃப்ரீ'. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் எல்லாம் 'நம்மைச் சொல்லவில்லை' என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் வந்து 19 வருஷம் ஆகிறது. இனிப்பென்றால் உயிர். திருநெல்வேலி டவுனுக்குப் போனால், அல்வாக் கடை வாசலில் 50 கிராம் வாங்கி, இலையில் வைத்துச் சுடச்சுட, நெய் விரலில் வழிய நின்றுகொண்டே தின்றுவிட்டு வருகிற ஆள். இப்போது எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. காலையில் சீனி போடாத காபி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி இரண்டு தோசை. பண்டிகை நாளிலாவது ஏதாவது கொடுக்கலாமே என்றுதான் உங்கள் பச்சைப் பலகையை நம்பினேன்.

"இதுல சீனி இல்லம்மா, தைரியமா சாப்பிடு" என்று மூன்று துண்டு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 294. வழக்கமாக 180ஐத் தாண்டாது. மறுநாளும் அதே மூன்று துண்டு. 301.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "சீனி டப்பாவத் தொட்டியாம்மா?" என்று கேட்டேன். "இல்லடி, உம்மேல சத்தியமா தொடல" என்றாள். நான் நம்பவில்லை. அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து, உள்ளே கிடந்த கரண்டி ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். கரண்டி காய்ந்துதான் கிடந்தது. திரும்பினால், கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பர்பிப் பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்தாள்.

மூன்றாம் நாள் பில்லோடு கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற தம்பியிடம் அதில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "சீனி ஒரு துளிகூடக் கிடையாதுக்கா. அத்திப்பழம், பேரீச்சம்பழம், முந்திரி, நெய், கொஞ்சம் வெல்லம். அவ்வளவுதான்" என்றார். வெல்லமா என்றேன். "வெல்லம் சீனி கிடையாதேக்கா!" என்று சிரித்தார். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். மேற்பார்வையாளர் வந்து, "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளைன்ட் பண்ணினதில்ல மேடம்" என்றார். எப்படிப் பண்ணுவார்கள்? எல்லார் வீட்டிலும் சீனி டப்பாவைத்தானே திறந்து பார்த்திருப்பார்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற சர்க்கரைதான். சீனியிலும் அதுவேதான். 100 கிராம் சீனியில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380 இருக்கும். கொஞ்சம் இரும்புச் சத்து, நல்ல வாசனை, நல்ல ருசி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரத்தத்துக்குள் போன பிறகு அது கரும்புக் காட்டிலிருந்து வந்ததா, பனையிலிருந்து இறங்கியதா என்று கணையம் விசாரிப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சுகர் ஃப்ரீ' என்று சொல்லக் கூடாது என்கின்றன. அரை கிராம்! பேரீச்சம்பழத்தையும் வெல்லத்தையும் உருட்டிச் செய்த பர்பி அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வையுங்கள். என்ன இனிப்புப் போட்டிருக்கிறது, ஒரு துண்டில் சர்க்கரை எத்தனை கிராம். இரண்டே வரி.

முடியாது என்று சொல்லாதீர்கள். சில்லறையாக விற்கும் இனிப்பு எதுவரை தாங்கும் என்று தட்டுக்குத் தட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2020 அக்டோபரிலிருந்தே இருக்கிறது. எத்தனை கடையில் வைக்கிறார்கள் என்பது வேறு கதை. வைக்கிற கடைகளில் அதே அட்டையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கும். மிட்டாய் போட ஆள் வைக்கிறீர்கள், பெட்டிக்கு ரிப்பன் கட்ட ஆள் வைக்கிறீர்கள். ஒரு பேனாவுக்கா பஞ்சம்?

நிஜமாகவே சீனியோ வெல்லமோ போடாமல், மால்டிட்டால் மாதிரி மாற்று இனிப்பு ஏதாவது போட்டுச் செய்கிற கடைகளும் இருக்கின்றன. அவர்களும் எழுதட்டும். அதை நாலைந்து துண்டு சேர்த்துத் தின்றால் வயிறு என்ன பாடு படும் என்பது, தின்றுவிட்டு ராத்திரி முழுக்க நடந்தவர்களுக்குத் தெரியும். நான் நடந்திருக்கிறேன். எனக்கும் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.1, எல்லைக்கோட்டில் நிற்கிறவள்தான். இனிப்பு ஆசை பரம்பரைச் சொத்து.

இதைச் சொல்லப் போனால் மற்றதெல்லாம் வாயில் வருகிறது. சிறுதானிய பிஸ்கட் என்று வாங்கிப் பாக்கெட்டைத் திருப்பினால் முதலில் மைதா, இரண்டாவது சீனி, கம்பு எங்கேயோ கடைசியில் ஒதுங்கி நிற்கிறது. நெடுஞ்சாலை முழுக்கக் கருப்பட்டிக் காபி போர்டுதான். இத்தனை கடைக்கும் கருப்பட்டி வேண்டுமென்றால் உடன்குடிப் பனைகள் ராத்திரியிலும் பதநீர் இறக்க வேண்டியிருக்கும். 'வெள்ளைச் சீனி விஷம்' என்று காலையில் வாட்ஸாப்பில் அனுப்புகிற என் சித்தப்பா, சாயங்காலம் நாட்டுச் சர்க்கரை போட்டு நாலு டம்ளர் டீ குடிக்கிறார். நாமும் ஏமாறத் தயாராகத்தான் இருக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய். உங்கள் கடையில் வரிசையில் நிற்பவர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தை யாராவது பச்சைப் பலகை வைத்துக் கூப்பிடாமல் இருப்பார்களா? அப்படியே கடைக்குள்ளேயே ஒரு மருந்துக் கவுண்டரும் போட்டுவிட்டால் எங்களுக்கு ஆட்டோ செலவாவது மிச்சம்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது வேறு, பேசுவது வேறாகப் போகிறது.

இனிப்பை ஒழியுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். நல்ல சீனி போட்ட, நெய் வழிகிற மைசூர்பாகை அதே பெயரில் விற்றுக்கொண்டே இருங்கள். ஒரு துண்டில் இத்தனை கிராம் என்று தெரிந்தால், அம்மாவுக்கு ராத்திரி ஒரு தோசையைக் குறைத்துவிட்டு மைசூர்பாகில் பாதித் துண்டு கொடுப்பேன். அவளும் சந்தோஷமாகச் சாப்பிடுவாள், அளவும் கையில் இருக்கும். பொய்ப் பெயர் வைத்த பர்பியில் மூன்று துண்டு கொடுத்ததுதான் வினையாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு துண்டு கேட்டால் முகத்தைச் சுளிக்காமல் கொடுங்கள். அல்வாவை 50 கிராம் இலையில் கொடுத்துப் பழகிய ஊர் இது. இப்போது கால் கிலோவுக்குக் கீழே கேட்டாலே, "பெட்டி வராது மேடம்" என்கிறார்கள். பெட்டி வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம் போதும்.

ஆகவே, மறுபடியும் பணிவோடு: வெல்லமோ தேனோ பேரீச்சம்பழமோ போட்டதன்மேல் இருக்கும் 'சுகர் ஃப்ரீ' பலகையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறது, ஒரு துண்டில் எவ்வளவு என்று ஓர் அட்டை வையுங்கள். பொங்கலுக்குள் வைத்தால் நல்லது. பர்பிப் பெட்டி அன்றைக்குத் தள்ளிவைத்த இடத்திலேயே ஒரு வாரம் கிடந்தது. அப்புறம் வேலைக்கு வரும் அக்கா எடுத்துப் போனார். அம்மா இன்னும் எந்த இனிப்பையும் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்ததும் அவளுக்காக ஒரு துண்டு மைசூர்பாகு வாங்க வருவேன். சில்லறை என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர்