டிபால் விளையாட்டுத் துறைக்கு: இந்த முறை யாரையும் பாதியில் அனுப்பாதீர்கள்

சிகாகோ டிபால் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்கள் கூடைப்பந்து அணியின் 2023-24 சீசனைப் பற்றித்தான் எழுதுகிறேன். 3 வெற்றி, 29 தோல்வி. பிக் ஈஸ்ட் லீக்கில் ஆடிய 20 மேட்சும் தோல்வி. கோச் மாறிவிட்டார், ஆடிய பையன்களும் போய்விட்டார்கள், இனி எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த சீசனில் நடந்தது உங்களிடம் முதல் முறையாக நடந்ததில்லை, அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

2024 ஜனவரி 22 அன்று, நடு சீசனில், கோச் டோனி ஸ்டபிள்ஃபீல்டை வேலையை விட்டு அனுப்பினீர்கள். அப்போது அணியின் கணக்கு 3 வெற்றி, 15 தோல்வி. உதவி கோச்சாக இருந்த மேட் பிரேடியிடம் பொறுப்பைக் கொடுத்தீர்கள், மிச்சமிருந்த 14 மேட்சில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. பிரேடியைக் குறை சொல்ல மாட்டேன், தங்களைக் கூட்டி வந்த மனிதர் போய்விட்டார், அடுத்த வருஷம் தாங்கள் இங்கே இருப்போமா என்றே தெரியாது என்ற நிலையில் இருக்கிற பையன்களை வைத்துக்கொண்டு யார்தான் என்ன செய்ய முடியும்? அப்படியும் அவர்கள் ஆடினார்கள். பிக் ஈஸ்ட் போட்டித்தொடரில் வில்லனோவாவிடம் 58-57 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். எல்லாம் முடிந்துபோன ஒரு மார்ச் மாதத்தில் அப்படி ஆடிய பையன்களுக்கு நீங்கள் மரியாதை செய்யக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

இதே கதைதான் 2010-லும். ஜனவரியில் ஜெர்ரி வெய்ன்ரைட்டை அனுப்பும்போது 7 வெற்றி, 8 தோல்வி. டிரேசி வெப்ஸ்டர் பாக்கி சீசனைப் பார்த்துக்கொண்டார், 16 மேட்சில் ஒன்றுதான் கிடைத்தது. அதே ஜனவரி, அதே முடிவு. இரண்டு தடவையும் நடு சீசனில் கோச்சை மாற்றியதால் என்ன கிடைத்தது?

பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், 1997-க்குப் பிறகு பேட் கென்னடி, டேவ் லெய்டாவ், வெய்ன்ரைட், ஆலிவர் பர்னெல், மறுபடி லெய்டாவ், ஸ்டபிள்ஃபீல்ட், இப்போது கிறிஸ் ஹோல்ட்மன். அதற்கு முன்னால் இதே அணிக்கு ரே மேயர் 42 வருஷம் கோச். 724 வெற்றி. பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கனை உருவாக்கியவர் அவர், 1945-ல் என்.ஐ.டி. என்ற தேசிய அழைப்புத் தொடரின் கோப்பையை வாங்கியவர், பல்கலைக்கழக அணிகளின் தேசியத் தொடரான என்.சி.ஏ.ஏ.-வில் 1943-லும் 1979-லும் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக டிபாலைக் கொண்டு நிறுத்தியவர். அவருக்கும் மோசமான சீசன்கள் வந்தன, 70-களின் தொடக்கத்தில் தோல்வி அதிகமான வருஷமும் உண்டு. அப்போது அவரை அனுப்பியிருந்தால் 1979 எங்கே இருந்து வந்திருக்கும்?

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி, இந்தக் காலத்தையே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஃபுல்லர்டன் ஸ்டேஷனில் ரெட் லைன் ரயில் ஏறி வடக்கே போனால் லயோலா பல்கலைக்கழகம் வரும். அதுவும் இதே ஊர்தான், அதுவும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தான். அங்கே போர்ட்டர் மோசர் கோச்சாக வந்த முதல் சீசன், 2011-12, 7 வெற்றி, 23 தோல்வி. மூன்றாவது சீசனில் 10 வெற்றி, 22 தோல்வி. உங்கள் வழக்கப்படி பார்த்தால் அவரை அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். அவர்கள் அனுப்பவில்லை. ஏழாவது சீசனில், 2018-ல், அந்த அணி கடைசி நான்கில் நின்றது. டிபால் என்.சி.ஏ.ஏ. தொடருக்குள் கடைசியாகப் போனது 2004-ல்தான், அதற்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல் அங்கே கால் வைக்கவில்லை, பக்கத்து வீட்டில் இப்படி நடக்கிறபோது நம் ஆட்கள் வாசலில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

கோச்சை மாற்றினால் பலன் உண்டு என்பதற்கு லூயிவில் பல்கலைக்கழக உதாரணத்தை யாராவது சொல்வார்கள், அதையும் மறைக்க வேண்டாம். அங்கே கென்னி பெய்ன் கோச்சாக இருந்த 2 சீசனில் 12 வெற்றி, 52 தோல்வி, அந்த அணியை 2023 டிசம்பரில் நாமேகூட ஜெயித்தோம். அவரை அனுப்பிவிட்டு பேட் கெல்சியைக் கொண்டுவந்தார்கள், ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரர்களும் புதுசு, முதல் வருஷமே 27 வெற்றி. உண்மைதான். ஆனால் லூயிவில்லுக்கு இருக்கிற கூட்டமும் காசும் உங்களுக்கு இல்லை. காசு குறைவாக உள்ளவன் ஒவ்வொரு வருஷமும் முழு அணியையும் புதிதாக வாங்குகிற போட்டிக்குப் போனால் ஜெயிக்க மாட்டான், நாலைந்து பேரை மூன்று வருஷம் சேர்ந்து ஆட வைத்தால் வழி உண்டு. அதைச் செய்ய கோச்சும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

ஹோல்ட்மன் வந்த முதல் சீசனில் 14 வெற்றி, 20 தோல்வி. பிக் ஈஸ்டில் 4 வெற்றி. 2025 ஜனவரியில் ஜார்ஜ்டவுனை ஜெயித்தபோது லீக் மேட்சில் டிபால் ஜெயித்து ஏறக்குறைய 2 வருஷம் ஆகியிருந்தது. மார்ச்சில் கிரெய்ட்டனிடம் இரண்டு கூடுதல் நேரம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். அன்று தோற்றதும் வலித்தது, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு தோற்கிற அணியைப் பார்க்காமல் ஆடுகிற அணியைப் பார்த்தேன்.

ஹோல்ட்மனும் முன்பு கோச்சாக இருந்த ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடு சீசனில் அனுப்பப்பட்டவர்தான், 2024 பிப்ரவரியில். அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன், இன்னொரு மோசமான ஜனவரி வந்தாலும், எத்தனை தோல்வி வரிசையாக வந்தாலும், சீசன் முடிகிற வரைக்கும் இவரைத் தொட மாட்டோம் என்று இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். குறைந்தது ஐந்து சீசன் கொடுங்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் வருகிற ஆட்களைத் தேடுவதில் போகிற பணத்தில் ஒரு பகுதியை, ஏற்கெனவே இங்கே இருக்கிற, இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆடக்கூடிய பையன்களைத் தக்கவைக்க ஒதுக்குங்கள். அப்புறம், லிங்கன் பார்க் வளாகத்து மாணவர்களை மேட்ச் நாளில் நம் அணி ஆடுகிற வின்ட்ரஸ்ட் அரங்கத்துக்கு ஏற்றிப் போக பஸ் நிறைய விடுங்கள், வளாகத்திலிருந்து அவ்வளவு தெற்கே ரயில் மாறி வரச் சொன்னால் தோற்கிற அணியைப் பார்க்க எந்தப் பையன் வருவான்?

2023-24-ல் கடைசி வரை ஆடிய அந்தப் பையன்களையும் ஒரு மேட்சுக்கு அழையுங்கள். பெயர் சொல்லி, அரங்கத்தின் நடுவில் நிறுத்தி, கைதட்டச் சொல்லுங்கள். அன்று நானும் வருவேன்.

இப்படிக்கு,
ப்ளூ டீமன்ஸ் (டிபால் அணி) ரசிகன் ஒருவன்