கூட உட்கார ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்துவது பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் ஆசை உண்டாக்க வேண்டும், தன்னம்பிக்கை ஊட்ட வேண்டும் என்று அதில் வலியுறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால், மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைகளிடமும் ஆசைக்குப் பஞ்சமில்லை. நர்ஸ் ஆகணும், வக்கீல் ஆகணும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்வார்கள். அதற்கு என்ன படிக்க வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டால்தான் வாயடைத்து நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

உதவித்தொகை விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'குடும்ப ஆண்டு வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தினக்கூலிக்குப் போகிறவர் அதில் என்ன எழுதுவார்? வேலை இருக்கிற மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. கூட்டி எழுதினால் உதவி கிடைக்காதோ, குறைத்து எழுதினால் பொய் சொன்னதாகிவிடுமோ என்று பயம். என் மாணவி ஒருத்தி, வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள், இந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிவத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாள். மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்துபோயிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அப்பாகிட்ட சம்பளத்தைப் பத்திக் கேக்கச் சங்கடமா இருக்கு டீச்சர்" என்றாள். அப்பாவை வரச்சொல்லி, மூன்று பேருமாக உட்கார்ந்து மாதவாரியாகக் கணக்குப் போட்டோம். அன்றைக்கே படிவம் போய்ச் சேர்ந்தது.

இது ஏதோ ஒரு பிள்ளையின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒஹையோ, வட கரோலினா மாநிலங்களில் 2008-இல் ஓர் ஆய்வு நடந்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த எளிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, அந்த அலுவலகத்திலேயே கல்லூரி நிதியுதவிப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு, எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்ற விவரத்தை மட்டும் சொல்லி, நீங்களே விண்ணப்பித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளி இறுதியாண்டில் இருந்த பிள்ளைகளில், படிவம் நிரப்பிக் கொடுக்கப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் அடுத்த மூன்றாண்டுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்திருந்தார்கள். இந்த இரண்டில் எதுவும் கிடைக்காத மற்றவர்களில் அது 28 சதவீதம். விவரம் மட்டும் கேட்டுப் போனவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லை. நம் வழிகாட்டிக் கூட்டங்களில் மேடை போட்டுத் தருவதும் அந்த விவரத்தைத்தானே?

பாடப்பிரிவு விஷயத்திலும் இதே கதைதான். பத்தாவது முடிந்ததும் கணக்கு கஷ்டம் என்று தோழியோடு சேர்ந்து வேறு பிரிவுக்குப் போகிற பிள்ளைக்கு, பின்னால் எந்தெந்தப் படிப்புகள் கைநழுவிப் போகும் என்பது தெரியாது. அந்தச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே யாராவது சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகு இன்னும் மோசம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருக்கும் அந்த வாரங்களில் பிள்ளைகள் யார் பொறுப்பிலும் இல்லை. இடம் கிடைத்த செய்தி, என்றோ பதிந்த மின்னஞ்சலுக்கு வந்து கிடக்கும்; கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். இதற்குள் வீட்டில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியும் சேராமலே போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரியும்வரை பிள்ளைகளைப் பின்தொடர்வதற்கென்றே ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் வேண்டும். பாடவேளையும் தேர்வுப் பணியும் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிற ஆசிரியர் தலையில் இதையும் கட்டக் கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முதலிடம் பிடித்தவர்களின் பேட்டிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் பாதியைத் தந்து, வாரம் ஒரு விண்ணப்பப் படிவமாக எடுத்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, கடைசித் தேதி எது என்று பெற்றோருக்குப் புரிகிற தமிழில் வெளியிடுங்கள். அதை வெட்டிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கும், கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து நிரப்புவதற்கும் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியை