மகளிர் பிரிவுச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தீபாவளிப் பலகாரப் பட்டறை, முதியோர் உலா மூன்றும் நல்லபடியாக நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். நான் சொல்ல வேண்டியது எச்ஐவி சந்திப்புகளைப் பற்றி.

முதல் சந்திப்பின் சுவரொட்டியில் "எச்ஐவி" என்றே போட்டோம். முக்கால்வாசி நாற்காலிகள் காலி. அடுத்த முறை "பெண்கள் உடல்நலம்" என்று மாற்றி, தாதி ஒருவரை அழைத்து, பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பிஸ்கட் டின்னும் வைத்தோம். டின் நிறைந்துவிட்டது.

கொசு கடித்தால் வருமா என்று நாலைந்து சீட்டு. வராது. கர்ப்பத்தடை மாத்திரை போதாதா என்று ஒன்று. மாத்திரை கர்ப்பத்தை மட்டும்தான் தடுக்கும், நோய்த்தொற்றுக்கு ஆணுறைதான் வேண்டும். இது படித்த பெண்களுக்கே குழப்பமாக இருந்ததைப் பார்த்து எனக்கு வருத்தமாகிவிட்டது.

2024இல் சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகளில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 151 பேர், பெரும்பாலோர் ஆண்கள் என்று தாதி சொன்னதும், "அப்போ நமக்கென்ன?" என்றார் ஓர் அக்கா. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று முற்றிய பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எத்தனை வருடம் மனைவியோடு வாழ்ந்திருப்பார்கள்? அறையில் பேச்சே இல்லை.

இங்கே 2004 முதல் கர்ப்பிணிகளுக்கு, அவர்களே வேண்டாம் என்றாலொழிய, எச்ஐவி சோதனையும் செய்கிறார்கள். ஆனால் எங்களில் பலருக்குக் கடைசிப் பிள்ளையோடு அது நின்றுவிட்டது. எனக்கும்தான்.

டின்னில் இருந்த கடினமான சீட்டு இது: "வீட்டுக்காரர் அடிக்கடி பாத்தாம் போகிறார். எப்படிக் கேட்பது?" பாத்தாம் பக்கத்து இந்தோனேசியத் தீவு; அங்கே வேறு பெண்களிடம் போகிறாரோ என்ற பயம்தான். அவரைக் கேட்க முடியாவிட்டாலும் நாம் சோதித்துக்கொள்ளலாம், அடையாள அட்டை கேட்காத இடங்களும் உண்டு என்றார் தாதி. தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆபத்து நேர்ந்தது உறுதியாகத் தெரிந்தால் அது நேர்ந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம்.

அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வீட்டில் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பழகினோம். ஆணுறை என்று வாயெடுத்தாலே "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்ற கேள்வி வருமே என்றுதான் எல்லாருக்கும் பயம். "ரெண்டு பேரும் சேர்ந்தே டெஸ்ட் எடுத்துக்கலாமே" என்பது பலருக்கு எளிதாக வந்தது. இந்த ஆண்டில் மிகப் பயனுள்ள அரை மணி நேரம் அதுதான் என்பது என் கருத்து.

தொற்று இருந்தாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவு மூலம் பரவாது என்பதைக் கேட்டு ஒரு பெண் கண்கலங்கினார். காரணத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆண்களுக்கும் ஒரு சந்திப்பு வைக்கச் செயற்குழுவின் ஒப்புதல் கேட்கிறேன். தமிழில் பேசக்கூடிய ஆண் மருத்துவர் யாரையாவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.