பூங்காவில் நிற்கும் போர் நினைவுக் கல்லின் பெயின்டை உரித்து எழுத்தை வெளியே கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்: பாளையங்கோட்டையில் போர்டு எழுதிப் பிழைத்தவன் (பெயர், முகவரி, கையெழுத்து தபாலில் வரும் பிரதியில் உள்ளன).

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: நினைவுக் கல்லின் மேல் கிரானைட் ஒட்டாமல், பழைய எழுத்தைப் படிக்கும்படி மீட்டுத் தருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை மனு நாளில் நேரில் வந்து கொடுக்கத்தான் நினைத்தேன், முட்டி வலி விடவில்லை, அதனால் தபாலில் ஒன்று அனுப்பிவிட்டு நாலு பேர் பார்க்கட்டும் என்று இங்கேயும் போடுகிறேன்.

எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஊஞ்சலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு கல் தூண் நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வெள்ளிக் கலர் தூண், அவ்வளவுதான். சுதந்திர தினத்துக்கு ஒன்று, குடியரசு தினத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு கோட் அலுமினியப் பெயின்ட் ஏறுகிறது, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே. போன ஆடியில் யாரோ சந்தனம் குங்குமம் வைத்து ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், சுடலைமாடன் பீடம் என்று நினைத்திருப்பார்கள் போல. அதைக் குறையாகச் சொல்லவில்லை. போரில் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டவர்கள்தானே நாம். ஆனால் அந்த நடுகல்லிலும் இன்னார் என்று பெயரை வெட்டித்தானே வைத்தார்கள். இதில் என்ன வெட்டியிருக்கிறது என்று இன்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்குக் கொஞ்சம் தெரியும். போன வாரம் இருட்டின பிறகு போய், போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் குழிகளில் நிழல் நிற்கும். 1914 பளிச்சென்று தெரிந்தது, பக்கத்திலேயே 1919. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்கிற இங்கிலீஷ் வாசகம். பழைய மெட்ராஸ் மாகாணத்தில் பல கிராமங்களில் இதே வாசகத்தோடு சின்னக் கல்வெட்டு உண்டு. இதிலும் அதே வரிதான், ஆனால் அந்த இரண்டு ‘இத்தனை’யும் இருக்கிற இடத்தில் பெயின்ட் கெட்டியாக அடைத்துக்கொண்டிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்த மனுவுக்கு மரியாதை இல்லை. அந்தக் கல்லில் முதல் கோட் அடித்தது நான்தான். பிளெக்ஸ் வந்து எங்கள் தொழிலைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், கொடியேற்றத்துக்கு ரெடி பண்ணு என்று சொல்லி முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். கல்லுக்கு எனாமல் ஆகாது என்று அப்போதே தெரியும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லே செதில் செதிலாக உரியும். தெரிந்தே அடித்தேன். எழுத்தின் குழியில் கறுப்பு விட்டதும் நான்தான், அதாவது அந்த இரண்டு எண்ணும் என் பிரஷ் வழியாகப் போனவை, ஆனாலும் இன்று ஞாபகத்தில் இல்லை. எழுதுகிறவன் படிக்கமாட்டான் என்பார்கள் எங்கள் தொழிலில்.

இப்போது பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள். நல்ல விஷயம். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார், விசாரித்தேன். “அண்ணாச்சி, சுத்தி கிரானைட் ஒட்டி, முன்னால ஒரு செல்ஃபி பாயின்ட் வருது” என்றார். கிரானைட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். “தியாகிகள் நினைவுத் தூண்னு போட்டுருவோம்” என்றார். எந்தப் போர், எத்தனை பேர் என்பதெல்லாம் அதோடு போச்சு.

யாரோ வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்று சிலர் சொல்கிறார்கள். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல், செத்தவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு படை இருந்தது, 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்று. அதைக் கப்பலேற்றி, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்கிற துறைமுகத்தில் இறக்கினார்கள், இன்றைய தான்சானியாவில் இருக்கிறது. ஜெர்மன்காரர்களின் துப்பாக்கிச் சூட்டில் அந்தப் படை சிதறி ஓடியது, போதாததற்குத் தேனீக்கூட்டம் வேறு கலைந்து கொட்டியது. தோற்றுப்போன சண்டை. அதில் இருந்தவர்கள் எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, கல்லில் இருக்கிறவர்கள் அங்கே செத்தவர்கள் என்றும் சொல்லவில்லை. படித்தால்தானே எதையும் சொல்ல முடியும்!

அதனால் கேட்பது இது. கிரானைட் வேலையை உடனே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், மற்ற வேலை நடக்கட்டும். பெயின்டை எடுக்கும்போது கிரைண்டர் வேண்டாம், மணல் பீய்ச்சுகிற மெஷின் கூடவே கூடாது, எழுத்தின் விளிம்பு மழுங்கிப்போகும். பெயின்ட் ரிமூவரைத் தடவி ஊறவிட்டு, மூங்கில் பத்தையால் வழித்து, தேங்காய் நார் பிரஷால் கழுவினால் போதும், அவசரப்படாமல் செய்தால் ஒரு வாரம். அப்புறம் கல்வெட்டுத் துறை ஆட்களை வரவழைத்து, ஈரத்தாள் ஒட்டித் தட்டி மைப்படி எடுக்கச் சொல்லுங்கள். கல் பின்னால் என்ன ஆனாலும் தாள் இருக்கும். எண்ணிக்கை தெரிந்துவிட்டால் பெயர்களைத் தேடலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், இறந்தவர் பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்தே இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருவரை இதற்கு ஒதுக்கினால் கிடைக்கிற பெயர்களைத் தமிழில் ஒரு சின்னப் பலகையில் எழுதிப் பக்கத்தில் வைக்கலாம், கல்லின் மேல் அல்ல. டிசம்பர் 7 கொடி நாளுக்குள் முடிந்தால் உண்டியலோடு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று இருக்கும்.

பலகை எழுத்துக்கும் பெயின்ட் உரிக்கவும் எனக்குக் கூலி வேண்டாம். ரிமூவரும் என் செலவு. போன வாரம் டார்ச்சோடு நின்றதற்கே வாட்ச்மேன் திருடனை விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டார், அவர் மேல் தப்பில்லை, ராத்திரி எட்டு மணி. அவரிடம் காட்ட உங்கள் கையெழுத்தோடு ஒரு துண்டுக் கடிதம் கொடுத்தால் மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிடுவேன்.

இப்படிக்கு,
அந்தக் கல்லுக்கு முதல் கோட் அடித்தவன்