இம்போசிஷன் எழுதினால் சொல் நிற்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராததற்கு இலக்கணம் சரியாகச் சொல்லித் தராததே காரணம் என்று தங்கள் இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகும் ஆத்தங்குடிப் பக்கம் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருபவன் நான். எனக்கு அது ஒப்பவில்லை. இலக்கணம் பிசகினாலும் பிள்ளை சொல்ல வருவது புரிந்துவிடும். சொல் கைவசம் இல்லாத பிள்ளை வாயையே திறப்பதில்லை.

பாடம் தொடங்கும்போதே பலகை நிறையச் சொற்கள், எதிரே பொருள். மறுநாள் ஒப்பிக்க வேண்டும், தவறினால் இம்போசிஷன். பரீட்சை முடிந்த கையோடு எல்லாம் மறந்துபோகும். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுப் படிப்பதே மனதில் தங்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதித்து எழுதிவிட்டார். நம் வகுப்பறைக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு வழக்கம், ஒன்றோடொன்று குழம்பக்கூடிய சொற்களை ஒரே நாளில் ஜோடியாகக் கொடுப்பது. 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். வாங்குவது எது, கொடுப்பது எது என்று பத்தாம் வகுப்பு வரை தடுமாறுவார்கள். முதலில் 'பாரோ' மட்டும் போதும். பென்சில் வேண்டும், சைக்கிள் பம்பு வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் அந்தச் சொல்லோடு கேட்கட்டும். அது நாக்கில் ஊறிய பிறகு, சில வாரம் கழித்து 'லெண்ட்' வரட்டும்.

எங்கள் பகுதியில் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு, செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போகும் வீடுகள் உண்டு. வேலை எப்படி நடக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்துபடி. கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள், மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள், தண்ணீரில் ஊறவைப்பார்கள், பிறகு காயவைப்பார்கள். 'போர்', 'ப்ரஸ்', 'சோக்', 'ட்ரை' நான்கும் அங்கேயே கிடக்கின்றன. கையால் செய்துகாட்டிக்கொண்டே அந்த வேலையை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். வகுப்பில் பேச்சே எழாத ஒரு சிறுமி கடைசி வரை நிறுத்தாமல் சொன்னாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்! அவளுக்குச் சிரமம் கொடுத்தது 'சோக்' ஒன்றுதான். அதற்குத் தமிழில் 'ஊறவை' என்று ஒரு முறை சொன்னேன், முடிந்தது. ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எந்தச் சொற்களை முதலில் கொடுப்பது என்பதற்கும் வழி இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அடிக்கடி புழங்கும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் பட்டியலாக வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும். அவை கைக்கு வருமுன்னே, பாடத்தில் ஒரே ஒரு முறை தலைகாட்டும் அரிய சொல்லைப் பிள்ளை உருப்போட்டு என்ன பயன்?

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. பாடத்தை முடித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் பகுதியிலேயே ஒத்த பொருள் சொல்லும் எதிர்ச்சொல்லும் வருகின்றன. அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். அதனால்தான் கல்வித் துறையிடம் கேட்கிறேன்: காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலாவது, படித்த சொல்லை வைத்துத் தன் வீட்டையோ ஊரையோ பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும் கேள்விக்கு மதிப்பெண் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கட்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கே பி.எட். படிப்பவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்கு வரும்போது, வாரத்துக்கு ஏழெட்டுச் சொல் என்று வைத்துக்கொண்டு இந்த முறையை நடத்திப் பார்க்கலாம். அடுத்த மாதம் அதே பிள்ளைகளிடம் போய், அந்தச் சொற்களை வைத்துப் பேசச் சொல்லிக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்.