வீட்டுக்கு வெளிய பொருள் வைக்கிற விதிய மழைத்தண்ணி போற வழிய பாத்து திருத்தணும்: கோரிக்கை மனு

பெறுநர்: உள்ளாட்சி நகரமைப்பு மற்றும் மழைநீர் வடிகால் பிரிவு அதிகாரி அவர்கள்

பொருள்: குடியிருப்பு மனைகள்ல வெளிய சாமான் வைக்கிற விதிய திருத்தக் கேட்டு

ஐயா / அம்மா,

வணக்கம். வீட்டுக்கு வெளிய என்ன வைக்கலாம், எங்க வைக்கலாம்னு இப்ப இருக்கிற விதி, ரோட்டுல நின்னு பாத்தா கண்ணுக்கு தெரியுதா இல்லையான்னு மட்டும்தான் பாக்குது. வாசல் பக்கம் வச்சா நோட்டீஸ் வருது, அதையே சைடு செட்பேக்குக்கு, அதாவது வீட்டுக்கும் மனை எல்லைக்கும் நடுவுல காலியா விடுற சந்துக்கு, தள்ளிட்டா யாரும் கேக்கறதில்ல. ஆனா மழைத்தண்ணி வடியறதே அந்த சைடு சந்து வழியாத்தானே? தெரு சுத்தமா தெரியணும்னு போட்ட விதி, சாமான் எல்லாத்தையும் தண்ணி போற வழியில கொண்டு போய் அடுக்க வைக்குது. இதத்தான் மாத்தணும்னு கேக்கறோம்.

1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1 லிட்டர் தண்ணி. அப்படின்னா 100 சதுர மீட்டர் கூரை மேல 50 மில்லிமீட்டர் பேஞ்சா 5,000 லிட்டர், அதுவும் ஒரே ஒரு வீட்டுக் கூரைல இருந்து. அவ்வளவு தண்ணி இறங்குற இடத்துல செங்கல் அடுக்கு, பழைய கதவு, உடைஞ்ச பிரிட்ஜ்னு மறிச்சு நின்னா அது பக்கத்து வீட்டு சுவர் ஓரமாத்தான் திரும்பும். அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் சண்டை, ஆனா சாமான் வச்சவர் விதிப்படிதான் வச்சிருக்கார், அவர என்ன சொல்றது.

மணலும் சிமெண்டும் இன்னும் மோசம். தார்ப்பாய் போடாத மணல் குவியல் ஒரு நல்ல மழைக்கே கரைஞ்சு வடிகால்ல போய் படியுது, சிமெண்ட் போனா உள்ளயே இறுகிடும், தூர் வாரவும் முடியாது, உடைச்சுத்தான் எடுக்கணும். அதோட மழைநீர் வடிகால் கழிவுநீர் குழாய் மாதிரி கிடையாது, பல இடத்துல அந்த தண்ணி சுத்திகரிப்பே இல்லாம நேரா ஏரிக்கும் ஆத்துக்கும் போகுது, அதனால பழைய பேட்டரி, ஆயில் கேன், பெயிண்ட் டப்பா இதெல்லாம் வெட்டவெளில இருக்கவே கூடாது, வேலிக்கு பின்னாடி இருந்தாலும் சரி.

டயர பத்தி தனியா சொல்லணும். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவோட முட்டை தண்ணி வத்தின டயருக்குள்ளயும் பல மாசம் தாங்கும், மறுபடி மழைத்தண்ணி பட்டா பொரிச்சு கிட்டத்தட்ட ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிடும். அதனால தண்ணிய கொட்டிட்டா போதும்னு ஆய்வுக்கு வர்றவங்க சொல்லிட்டு போறது பத்தாதுங்க, டயர் கூரைக்கு கீழ இருக்கணும் இல்ல அங்கிருந்து போகணும்.

மழைத்தண்ணி பிடிக்கிற டிரம்மையும் இதே விதி குப்பை சாமானோட சேத்துடுது, இது எங்களுக்கு ரொம்ப வருத்தம். 200 லிட்டர் டிரம் அந்த 5,000 லிட்டர தாங்காதுதான், ஆனாலும் வீட்டுக்கு வீடு இருந்தா மழையோட முதல் வேகத்துல வடிகாலுக்கு போற தண்ணி கொஞ்சமாச்சும் குறையும். கொசு வலை மூடியும் ஓவர்ஃப்ளோ குழாயும் இருந்தா அதுக்கு விலக்கு குடுங்க. அதே நேரம் சாமான் வைக்க வெளிய கட்டுற ஷெட்டுக்காக போடுற கான்கிரீட் தளத்த மனையில தண்ணி இறங்காத பரப்புக் கணக்குல கட்டாயம் சேருங்க, சின்ன ஷெட்டுதானேன்னு விடறதாலதான் மண் தரையே இல்லாம போயிட்டு இருக்கு.

ஒண்ணே ஒண்ணு, எடுத்த எடுப்புலயே அபராதம் வேண்டாம். சின்ன வீட்டுல இருக்கிறவங்களுக்கும் வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் சாமான் வைக்க வேற இடம் இல்ல, வெளிய வைக்கறது ஆசைக்கு இல்லங்க. முதல்ல அவகாசம் குடுத்து, பெரிய சாமான் எடுத்துட்டு போக ஒரு வண்டியும் அனுப்புங்க, அதுக்கப்புறமும் சந்த அடைச்சு வச்சா நடவடிக்கை எடுங்க, நாங்களும் கூட நிப்போம்.

ஆய்வுக்கு வெயில் நாள்ல வராம மழை பேஞ்சுட்டு இருக்கும்போதே ஒரு தடவ வந்து பாருங்க, எந்த சந்துல தண்ணி நிக்குதுன்னு நாங்களே கூட்டிட்டு போய் காட்டறோம். மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி திருத்தத்த கொண்டு வந்து, எங்க மனுவுக்கு எழுத்துல பதில் தரும்படி கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
தெரு குடியிருப்பாளர்கள்